எடையை அப்புறம் பார்ப்போம், முதலில் பிள்ளை சாடட்டும்

கேள்வி: என் மகனுக்கு 4 வயது 2 மாதம். கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலை பக்கம் ஊர். எல்கேஜி போகிறான். உயரம் 103 செ.மீ., எடை 19 கிலோ. ஃபோனில் ஒரு ஆப்பில் போட்டுப் பார்த்தேன். பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண்) 17.9, 'எடை குறைவு' என்று வந்தது. அதைக் கேட்டதும் மாமியார் ஹெல்த் டிரிங்க்கை இரண்டு வேளை ஆக்கிவிட்டார்கள். ஆனால் ஸ்கூல் டீச்சர், "வெயிட் கூடுது, மத்த பிள்ளைகளோட ஓடி விளையாட மாட்டேங்கான்" என்கிறார். அதுவும் உண்மைதான். வீட்டு நடைப்படியில் இருந்து சாடச் (குதிக்கச்) சொன்னால் ஒரு காலை இறக்கி வைத்து நடந்து வருகிறான். மாடிப்படியில் ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் ஊன்றித்தான் இறங்குவான். பந்து போட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். கொஞ்ச தூரம் நடந்தாலே "ஒக்கல்ல எடு" (இடுப்பில் தூக்கு) என்று நிற்பான். நானும் கணவரும் நாகர்கோவிலில் வேலை பார்க்கிறோம். பாட்டிதான் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறார்கள். ஃபோன் காட்டினால்தான் சோறு இறங்கும். தூங்க இரவு பத்தரை ஆகிவிடும். சாப்பாட்டைக் குறைக்கவா? கராத்தே, ஸ்கேட்டிங் இப்படி எதிலாவது சேர்க்கவா?

குழந்தைகள் இயன்முறை மருத்துவரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த ஆப்பை முதலில் மூடி வையுங்கள். 18.5-க்குக் கீழே என்றால் எடை குறைவு என்பது பெரியவர்களுக்கான கணக்கு. நாலு வயதுப் பிள்ளைக்கு வயதும் ஆண் பெண் என்பதும் சேர்த்துப் பார்க்கும் உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைதான் சரி. அதன்படி உங்கள் மகன் வயதுப் பையனுக்கு பிஎம்ஐ நடு அளவு 15.3. 16.7-ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டிய எல்லை, 18.2-ஐத் தாண்டினால் அதிக எடை. எடை 19-ஐ, மீட்டரில் உயரமான 1.03-ஆல் இரண்டு முறை வகுத்தால் 17.9. ஆக, பிள்ளை மெலிந்தவன் கிடையாது. அதிக எடைக்கும் இன்னும் போகவில்லை, அதன் வாசலில் நிற்கிறான். ஆப் சொன்னதற்கு நேர் எதிரான நிலைமை இது. ஹெல்த் டிரிங்க் கூடியது அந்த ஒரு தப்புக் கணக்கால்தான்.

உயரத்தை மறுபடி ஒரு தடவை அளந்துவிடுங்கள். இங்கே 1 சென்டிமீட்டர் பெரிய விஷயம். உயரம் 102 என்றால் பிஎம்ஐ 18.3 ஆகி எல்லையைத் தாண்டிவிடும். 104 என்றால் 17.6-க்கு இறங்கிவிடும். செருப்பில்லாமல், சமதளத் தரையில், குதிகால், பிட்டம், தலையின் பின்பக்கம் மூன்றும் சுவரில் படும்படி நிற்கட்டும். பார்வை நேராக இருக்க வேண்டும். மோவாய் மேலே தூக்கியிருந்தால் அளவு தப்பும். கெட்டி அட்டை போட்ட புத்தகத்தைச் சுவரோடு செங்குத்தாக ஒட்டி, தலைமுடி அமுங்கும்படி இறக்கி, அதன் அடியில் பென்சிலால் கோடு போடுங்கள். இரண்டு முறை அளந்து பாருங்கள். வீட்டில் நம்பிக்கை இல்லையென்றால் பக்கத்து அங்கன்வாடியில் கேளுங்கள், அங்கே அளவுகோலும் எடைப்பொறியும் இருக்கும்.

இன்னொன்று பாட்டிக்குச் சொல்ல வேண்டியது. ஒரு வயதில் உருண்டையாக இருக்கும் பிள்ளை, ஐந்தாறு வயது வரை உயரம் கூடக் கூட மெலிந்துகொண்டே வருவதுதான் இயற்கை. விலா எலும்பு லேசாகத் தெரிந்தாலும் அந்த வயதுக்கு அது சரியே. "பிள்ளை வாடிப்போச்சு" என்று நம் வீடுகளில் ஊட்டத் தொடங்குவது பெரும்பாலும் இந்த நல்ல மெலிவைப் பார்த்துத்தான். மெலிய வேண்டிய வயதில் சதை ஏறத் தொடங்கினால் பின்னாளில் பருமனாகும் வாய்ப்பு கூடும். அதனால்தான் இதை இப்போதே கவனிக்கச் சொல்கிறேன்.

ஆனால் எடையைக் குறைக்கும் வேலை வேண்டாம். டயட் என்ற சொல்லே அவன் காதில் விழ வேண்டாம். இந்த வயதில் வருடத்துக்கு 6 முதல் 7 செ.மீ. உயரமும் ஏறக்குறைய 2 கிலோ எடையும் கூடும். அடுத்த ஒரு வருடத்தில் 2 கிலோவுக்குப் பதில் 1 கிலோ மட்டும் கூடினால் போதும். 109 செ.மீ. உயரத்தில் 20 கிலோ என்றால் பிஎம்ஐ 16.8. உயரமே பாதி வேலையை முடித்துவிடும்.

இனி உண்மையான பிரச்சினைக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என் கண்ணை நிறுத்தியது 19 கிலோ இல்லை, அந்த நடைப்படிதான். இரண்டு காலையும் சேர்த்துத் தரையை விட்டு எழும்புவது இரண்டரை, மூன்று வயதில் வர வேண்டியது. நாலு வயதில் கால் மாற்றிக் கால் வைத்துப் படி இறங்கவும், ஒற்றைக் காலில் ஐந்து எண்ணும் வரை நிற்கவும், நொண்டியடித்து இரண்டு மூன்று எட்டு போகவும், பெரிய பந்தைப் பெரும்பாலும் பிடிக்கவும் எதிர்பார்க்கலாம். உங்கள் மகன் இதில் பின்தங்கியிருக்கிறான். இதைச் சோம்பல் என்று யாரும் சொல்ல விடாதீர்கள். ஓடிப்பிடித்தால் தான்தான் முதலில் மாட்டுவேன், பந்து வந்தால் முகத்தில் அடிக்கும் என்று தெரிந்த பிள்ளை விளையாட்டைத் தவிர்க்கத்தான் செய்யும். தவிர்த்தால் பழக்கம் இல்லை, பழக்கம் இல்லாவிட்டால் திறன் வராது, நடுவில் எடை ஏறும், ஏறிய எடையோடு சாடுவது இன்னும் கஷ்டம். இந்தச் சுற்றை வாயிலிருந்து தொடங்கி அறுப்பது கடினம். காலிலிருந்து தொடங்கினால் எளிது.

பல் முளைப்பதுபோல் இவையெல்லாம் தானாக வந்துவிடும் என்றொரு நம்பிக்கை உண்டு. நடை வரும், ஓட்டம் வரும். ஆனால் சாடுவது, நொண்டியடிப்பது, எறிவது, பிடிப்பது எல்லாம் பல நூறு முறை செய்தால்தான் உருப்படியாக வரும். முன்பு முற்றமும் தோப்பும் நாலு வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து அதைக் கற்றுக்கொடுத்தன. இப்போது வேன் சீட், வகுப்பு நாற்காலி, ஃபோனோடு சோபா என்று பகல் முடிந்துவிடுகிறது.

பயிற்சிக்கு முன் ஒரு சோதனை. பிள்ளையைத் தரையில் சம்மணமிட்டு உட்காரவைத்து எழச் சொல்லுங்கள். கையைத் தரையில் ஊன்றி, பிறகு தன் முழங்கால், தொடை என்று கையாலேயே ஏறி எழுகிறானா? கெண்டைக்கால் மட்டும் பெருத்துக் கல்போல இருக்கிறதா? எப்போதும் நுனிக்காலில் நடக்கிறானா? ஒரு பக்கக் கையும் காலும் மட்டும் பின்தங்குகிறதா? முன்பு செய்துகொண்டிருந்த ஒன்றை இப்போது செய்ய முடியவில்லையா? நடக்கத் தொடங்கியதே 18 மாதத்துக்குப் பிறகா? இதில் ஒன்று இருந்தாலும் பயிற்சியைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக் குழந்தைகள் பிரிவுக்கே போகலாம். தசை நோய்கள் சில ஆண்பிள்ளைகளுக்கு இந்த வயதில்தான் வெளியே தெரியும். எடை ஏறுகிறது, உயரம் நின்றுபோனது என்றாலும், தேய்த்தாலும் போகாத கருமை கழுத்தில் படர்ந்தாலும், தூக்கத்தில் குறட்டையும் மூச்சுத் திணறலும் இருந்தாலும் அப்படியே மருத்துவரிடம் காட்டுங்கள். தட்டைப் பாதம், முழங்கால்கள் லேசாக உரசுவது இரண்டும் நாலு வயதில் சகஜம். அதற்கென்று விலை கூடிய ஷூ வாங்க வேண்டாம்.

சோதனையில் ஒன்றும் இல்லையென்றால் சாடுவதில் தொடங்குங்கள். நடைப்படி பெரும்பாலும் 15 செ.மீ. இருக்கும். அவனுக்கு அது அதிகம். ஒரு காலை முன்னே இறக்குவது ஏன் தெரியுமா? இரண்டு காலும் ஒரே நேரத்தில் தரையை விட்டால் பிடிமானம் போய்விடும் என்ற பயம். அதனால் உயரத்தைக் குறையுங்கள். முதல் வாரம் உயரமே வேண்டாம். அவன் எதிரே நின்று இரண்டு கையையும் பிடித்து, முழங்காலை மடக்கி மடக்கி நிமிர்ந்து, நின்ற இடத்திலேயே துள்ளட்டும். குதிகால் தரையை விட்டால் போதும். அடுத்து, 5 முதல் 8 செ.மீ. உயர மணைப்பலகை. பலகை ஆடாமல் சுவரை ஒட்டி இருக்க வேண்டும். எதிரே நின்று இரண்டு கையும் கொடுங்கள். அது பயமில்லாமல் வந்ததும் ஒரு கை, பிறகு ஒரு விரல் மட்டும். விரலை எடுத்த பிறகு தரையில் சாக்பீஸால் 15 செ.மீ. இடைவெளியில் இரண்டு கோடு போட்டு 'தோடு' (ஓடை) தாண்டச் சொல்லுங்கள். வாரத்துக்கு வாரம் தோட்டை அகலமாக்கலாம்.

பார்க்க வேண்டியது கை. சாடத் தெரியாத பிள்ளையின் கை விறைத்து உடம்போடு ஒட்டியிருக்கும், அல்லது பின்னால் இறக்கைபோல் விரியும். கை இரண்டும் பின்னே போய் முன்னே வீசினால்தான் உடம்பு எழும்பும். "கொக்கு பறக்கணும்" என்று சொல்லிச் செய்து காட்டுங்கள். இறங்கும்போது 'தொம்' என்று சத்தம் வந்தால் முழங்கால் மடங்கவில்லை. "பூனை மாதிரி சத்தமில்லாம இறங்கு" என்றால் அவனே மடக்கிவிடுவான். கனத்த பிள்ளை என்பதால் டைல்ஸிலும் சிமெண்டிலும் வேண்டாம், மண் முற்றமோ புல்லோ கோரைப்பாயை மடித்துப் போட்ட தரையோ நல்லது. ஒரு நேரத்துக்கு எட்டு, பத்து சாட்டம். அவன் "இன்னும்" என்று கேட்கும்போதே நிறுத்துங்கள், அடுத்த நாள் தானே வருவான்.

படி இறங்குவது வேறு விதமான வலு. ஒற்றைக் காலில் முழு எடையையும் தாங்கிக்கொண்டு, தொடைத்தசை மெல்ல நெகிழ்ந்து பிரேக் போட வேண்டும். அடிமட்ட மூன்று படிகள் போதும். வலது காலுக்கு ஒரு நிறம், இடது காலுக்கு வேறு நிறம் என்று சாக்பீஸால் படிகளில் மாற்றி மாற்றிப் பாதம் வரையுங்கள். ஒரு கை கைப்பிடியில் இருக்கட்டும். ஏறுவது முதலில் சரியாகும், இறங்குவதற்குச் சில வாரம் கூடுதலாக ஆகலாம். நொண்டியை இப்போது தொடாதீர்கள். இரண்டு காலால் சாடி, ஒற்றைக் காலில் ஐந்து எண்ணும் வரை நிற்க வந்த பிறகு, சுவரைப் பிடித்துக்கொண்டு தொடங்கலாம். பாண்டிக் கட்டம் அதற்கும் பிறகு.

பந்து விஷயத்தில் அப்பாக்கள் செய்யும் தப்பு ஒன்றுதான்: கையில் கிடைத்த கிரிக்கெட் டென்னிஸ் பந்தை எடுத்து "பிடிலே மக்கா" என்று போடுவது. அந்தப் பந்து அவன் உள்ளங்கைக்குப் பெரிது, கண்ணுக்குச் சிறிது, வேகமோ கூடுதல். அதன் பாதையைக் கண்ணால் தொடர்ந்து கை எங்கே போக வேண்டும் என்று கணிக்க நாலு வயதுக்கு நேரம் போதாது. ஓரிரு முறை முகத்தில் பட்டால் பிறகு முகம் தானாகத் திரும்பும். அதைத் திட்டித் திருத்த முடியாது, பந்தை மாற்றித்தான் திருத்த வேண்டும். 20 முதல் 25 செ.மீ. விட்டமுள்ள, காற்று கொஞ்சம் குறைத்த லேசான பந்து வாங்குங்கள். முதலில் இருவரும் தரையில் காலை அகட்டி எதிரெதிரே உட்கார்ந்து உருட்டுங்கள். பிறகு நின்றபடி, ஒரு முறை தரையில் தட்டி எழும்பும் பந்து. அதற்குப் பிறகுதான் ஒன்றரை மீட்டர் தூரத்திலிருந்து நெஞ்சை நோக்கி, கீழிருந்து மெல்ல வளைத்துப் போடுவது. "பிடி, பிடி" என்று கத்தாமல் "பந்தைப் பாரு" என்று சொல்லுங்கள். ஆரம்பத்தில் பந்தை நெஞ்சோடு அணைத்துத்தான் பிடிப்பான். அது தப்பில்லை, வழியில் வரும் ஒரு படி. கையை நேராக விறைத்து நீட்டினால்தான் திருத்த வேண்டும். முழங்கை மடங்கியிருக்கட்டும்.

எறிவதற்குப் பாட்டியிடம் ஓலைப்பந்து பின்னித் தரச் சொல்லுங்கள். பச்சைத் தென்னோலையில் பின்னிய பந்து கைக்கு அடங்கும், மேலே பட்டாலும் வலிக்காது, உருண்டு ரோட்டுக்கு ஓடவும் செய்யாது. கடைப் பந்துகள் பலவற்றைவிட இந்த வேலைக்கு அது மேல். ஈர்க்கு நுனி வெளியே நீட்டியிருந்தால் நறுக்கிவிட வேண்டும், அவ்வளவுதான். வலது கைக்காரன் என்றால் இடது காலை முன்வைக்க வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் வலது காலையே வைப்பார்கள், அல்லது காலை அசைக்கவே மாட்டார்கள். இடது கால் வைக்க வேண்டிய இடத்தில் ஒரு பிலாயிலையை (பலா இலை) போட்டு "இலையை மிதிச்சு எறி" என்றால் விஷயம் முடிந்தது. குறி வைக்கச் சொல்லாதீர்கள். குறி வைத்தால் பிள்ளை பயந்து பயந்து மணிக்கட்டால் தள்ளும். "எவ்வளவு தூரம் போகுது பார்ப்போம்" என்று சொன்னால் இடுப்பு திரும்பும், கால் முன்னே வரும், கை முழுதாக வீசும்.

இந்தப் பயிற்சி மொத்தமும் ஒரு நாளைக்கு 15 நிமிடம். மீதி நேரம் வெறும் விளையாட்டு. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் 3, 4 வயதுப் பிள்ளைகளுக்குச் சொன்ன அளவு: ஒரு நாளில் 180 நிமிட உடலசைவு, அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு. திரை பார்ப்பது 1 மணி நேரத்துக்குள். தூக்கம் 10 முதல் 13 மணி. 180 என்றதும் மலைக்க வேண்டாம். பிள்ளைகள் பத்து இருபது நொடி ஓடுவார்கள், நிற்பார்கள், மறுபடி ஓடுவார்கள். எல்லாத் துண்டும் கணக்கில் சேரும். வேன் ஏறும் முக்குக்கு ஒக்கலில் தூக்காமல் நடத்திக் கூட்டிப்போவது இரு வேளைக்கு 20 நிமிடம், பள்ளிக்கூட இடைவேளை 30, மாலை முற்றத்தில் 75, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதும் கோழிக்குத் தீனி போடுவதும் உலர்ந்த துணியைப் பாட்டிக்கு எடுத்துக் கொடுப்பதும் சேர்ந்து 25, ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் வீட்டுக்குள் ஆட்டம் 30. மொத்தம் 180 வந்துவிட்டது. "ஒக்கல்ல எடு" என்று நின்றால், அடுத்த மின்கம்பம் வரை நடந்து அங்கே எண்ணிக்கை பத்து நின்று, அடுத்த கம்பம். இரண்டு வாரத்தில் கம்பங்கள் கூடும். காலில் கழன்று ஓடும் ரப்பர் செருப்பைப் போட்டு ஓடச் சொல்லாதீர்கள். விரலால் அதைப் பிடிப்பதிலேயே கவனம் போய்விடும். வெறுங்கால், இல்லாவிட்டால் பின்வார் வைத்த செருப்பு.

நம் மாவட்டத்தில் மழைதான் பெரிய சாக்கு. ஜூனில் ஒரு மழைக்காலம், அக்டோபரில் இன்னொன்று. அதற்கு வீட்டுக்குள் வழி வேண்டும். பழைய சேலையை முறுக்கித் தரையில் நீளமாகப் போட்டால் அதன்மேல் நடப்பது சமநிலைப் பயிற்சி. தவளைச் சாட்டம், கையும் காலும் ஊன்றி வயிறு மேலே பார்க்க நண்டு நடை, யானை நடை. நண்டு நடை தோளுக்கும் இடுப்புக்கும் வலு கொடுக்கும், நன்றாக விளையாடுகிற பிள்ளைக்கும் இரண்டு நிமிடத்தில் மூச்சு வாங்கும். கமுகம்பாளை (பாக்கு மரத்து மட்டை) கிடைத்தால் அவனை உட்காரவைத்து இழுப்பதோடு நிறுத்தாமல், அவனையும் இழுக்க விடுங்கள். சிரட்டை இரண்டில் கயிறு கோத்து ஏறி நடப்பது ஐந்து வயதுக்கு மேல் வைத்துக்கொள்ளலாம். பலூன் மெல்ல வருவதால் பிடித்துப் பழக அருமையானது. ஆனால் உடைந்தால் துண்டை அந்த நிமிடமே பொறுக்கிவிட வேண்டும், தொண்டையில் அடைத்தால் உயிருக்கே ஆபத்து.

ஞாயிறு மாலை சங்குத்துறை அல்லது சொத்தவிளைக் கடற்கரைக்குக் கூட்டிப் போங்கள். காய்ந்த மணலில் ஓடுவது காலுக்குக் கூடுதல் வேலை, விழுந்தாலும் அடியில்லை. சாட்டத்துக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. அலைக்கோட்டிலிருந்து நன்றாகத் தள்ளியே இருங்கள். கள்ளக்கடல் (திடீரென்று எழும் பெரிய அலை) எச்சரிக்கை இருக்கிற நாளில் கடற்கரைக்கே வேண்டாம்.

கராத்தே, ஸ்கேட்டிங் இப்போது வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். இருபது பிள்ளைகள் வரிசையில் நிற்கும் ஒரு மணி நேர வகுப்பில் உங்கள் மகன் உண்மையில் அசைவது கொஞ்ச நேரம்தான். சாடவே வராதவன் அங்கே கடைசியில் நிற்கப் பழகுவான். நீச்சல் மட்டும் விதிவிலக்கு. குளமும் சானலும் (கால்வாய்) ஆறும் நிறைந்த ஊரில் அது உயிர்காக்கும் திறன். ஆனால் நீச்சல் கற்ற பிள்ளையையும் தண்ணீரில் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்க வேண்டும். பெடல் மிதிக்கும் மூன்று சக்கர வண்டி வாங்கலாம். பேட்டரியில் ஓடும் பொம்மைக் கார் இன்னொரு நாற்காலிதான்.

சாப்பாட்டுக்குச் சில மாற்றங்கள் போதும். ஹெல்த் டிரிங்க்கை நிறுத்துங்கள். இரண்டு வேளையை ஒன்றாக்கி, ஒரு வாரம் கழித்து அதையும் விட்டுவிடலாம். பெரும்பாலான பொடிகளில் சர்க்கரை கணிசமாக இருக்கும், நாம் மேலும் சர்க்கரை போடுகிறோம். 2024 ஏப்ரலில் மத்திய அரசே, இணைய விற்பனைத் தளங்கள் இப்படிப்பட்ட பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற பிரிவில் காட்டக் கூடாது என்று சொன்னது. வெறும் பால் போதும், அதுவும் ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் வேண்டாம். கூடினால் சோறு இறங்காது, இரும்புச் சத்தும் குறையும். ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ் டப்பா கைக்கெட்டும் இடத்தில் இருக்கக் கூடாது. அவித்த ஏத்தன்பழம், மட்டிப்பழம், பயறு, முட்டை நல்லவை. புட்டும் பயறும், கஞ்சியும் பயறும், மீன்குழம்புச் சோறும் அவனுக்கும் அதேதான், தனிச் சமையல் தேவையில்லை. மரச்சீனிக்கிழங்கு (மரவள்ளி) வைத்தால் மீன் கட்டாயம், கிழங்கு மட்டும் என்றால் வெறும் மாவுச்சத்துதான்.

ஃபோனோடு ஊட்டுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய ஓட்டை. வயிறு நிறைந்ததை அறியாமல் வாய் மட்டும் திறக்கும். என்ன சாப்பாடு, எப்போது என்பது உங்கள் முடிவு, எவ்வளவு என்பது அவன் முடிவு. 25 நிமிடம், ஃபோன் இல்லாமல், உங்களோடு உட்கார்ந்து, தன் கையால். முதல் நாலைந்து நாள் பாதித் தட்டு அப்படியே மிஞ்சும், பாட்டி கண் கலங்குவார்கள். ஒரு வேளை குறைவாகச் சாப்பிட்டால் நாலு வயதுப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது, அடுத்த வேளையில் ஈடுகட்டுவான். நடுவில் பிஸ்கட் கொடுத்து அந்தப் பசியைக் கெடுத்தால்தான் திட்டம் தோற்கும். நன்றாகச் சாடினான் என்று மிட்டாய் கொடுப்பதும் வேண்டாம்.

தூக்கத்தையும் சேர்த்துப் பாருங்கள். பத்தரைக்குத் தூங்கி ஆறரைக்கு எழுந்தால் எட்டு மணிதான், இரண்டு மணி கடன். தூக்கம் குறைந்த பிள்ளைக்கு மறுநாள் பசி கூடும், ஓட மனசு வராது. மூன்று நாளுக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னால் நகர்த்தினால் ஒரு மாதத்துக்குள் எட்டரைக்கு வந்துவிடலாம். வீட்டில் சீரியல் ஓடுகிறதென்றால் அவன் படுக்கிற அறைக் கதவாவது மூடியிருக்கட்டும்.

பாட்டியிடம் "நீங்க ஊட்டித்தான் இப்படி ஆச்சு" என்று தொடங்காதீர்கள். அவர்கள் பயம் எடையைப் பற்றியது மட்டும் இல்லை, "விழுந்துருவான் மக்களே" என்பதும் சேர்ந்தது. பிள்ளை கையில் இருக்கும்போது விழுந்தால் பழி தனக்கு என்று அவர்களுக்குத் தெரியும். முழங்கால் சிராய்ப்பு வந்தால் யாரும் கேட்க மாட்டோம் என்று நீங்களும் உங்கள் கணவரும் முதலில் சொல்லிவிடுங்கள். ஓலைப்பந்து பின்னுவது, சாட்டத்தை எண்ணுவது, இலை போடுவது எல்லாம் அவர்கள் பொறுப்பாக இருக்கட்டும். உட்கார்ந்த இடத்திலிருந்தே செய்யலாம். டீச்சரிடமும் ஒரு வார்த்தை: பந்தயத்தில் இவனை நிறுத்த வேண்டாம், எல்லாரும் ஒரே நேரத்தில் அசையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளட்டும்.

எடையை மாதாமாதம் பார்க்காதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, உயரத்தோடு சேர்த்துக் காலண்டரில் எழுதுங்கள். அதற்கு முன்பே மாற்றம் தெரிவது காலில்தான். எட்டு வாரத்தில் கை பிடிக்காமல் மணைப்பலகையிலிருந்து இரண்டு காலும் சேர்ந்து சாட வேண்டும், ஏறும் படியில் கால் மாற்றி வைக்க வேண்டும், பெரிய பந்தைப் பத்தில் ஐந்து முறையாவது அணைத்துப் பிடிக்க வேண்டும். தினமும் செய்தும் எட்டு வாரத்தில் ஒன்றிலும் அசைவில்லை என்றால், குழந்தை மருத்துவரிடம் காட்டி, இயன்முறை மதிப்பீடு கேளுங்கள். போகும்போது அவன் தரையிலிருந்து எழுவதையும், படி இறங்குவதையும், சாடுவதையும் பக்கவாட்டிலிருந்து அரை நிமிடம் வீடியோ எடுத்துக் கொண்டுபோங்கள். மருத்துவமனையில் பிள்ளைகள் செய்து காட்ட மாட்டார்கள்.